மஞ்சள் வேண்டி ஒரு பிரார்த்தனை

என் மகள் பிறந்த முதல் மாதத்தில் அவளைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தங்கம் என்றார்கள். கொஞ்சுவதற்காகச் சொன்னதல்ல, நிறத்தைப் பார்த்துச் சொன்னது. நானும் என் கணவரும் நல்ல கறுப்பு. எங்களுக்குப் பொன்னிறத்தில் ஒரு குழந்தை பிறந்ததும் இரண்டு வீட்டாருக்கும் பெருமை தாங்கவில்லை. என் மாமனார் கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸில் தனியாக இருக்கிறார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குழந்தையைப் பார்த்ததும், "எங்கம்மா நிறம் அப்படியே வந்துருச்சு" என்றார். கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி என் அக்கா இருக்கிறாள். சேலை பிளவுஸ் தைக்கிற கடை வைத்திருப்பவள். அவளும் விடவில்லை. "எங்க சைட்லதான் லா எல்லாரும் சிவப்பு. நானும் இவளும்தான் வெயில்ல கறுத்துட்டோம்."

அந்தத் தங்கம் மஞ்சள் காமாலை என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. பிறந்த குழந்தைகளுக்குக் காமாலை வருவது வழக்கம்தான், வெயிலில் காட்டினால் போய்விடும் என்றார்கள். காலையில் ஜன்னலோரம் வைத்துக் காட்டினோம். அவள் வெயிலில் இன்னும் நன்றாக மினுங்கினாள்.

ஒரு மாதச் சோதனைக்கு அரசாங்க கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி நடுத்தர வயதுத் தமிழ்ப் பெண். குழந்தையின் இமையைப் பிதுக்கிப் பார்த்தார். கொஞ்சவில்லை. அதுவே எனக்கு முதலில் உறைத்தது.

"இன்னும் கண்ணு மஞ்சளா இருக்கே. ஆய் என்னா கலர்ல போகுது?"

"வெள்ளையா, மிஸ்ஸி. சுத்தமா போகும். நாறவே நாறாது." என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை, உள்ளே போவது வெள்ளை, வெளியே வருவதும் வெள்ளை. எங்கள் வீட்டில் இதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

மிஸ்ஸி டயபரைப் பிரித்துப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். பெயின்ட் கடையில் கொடுப்பார்களே, அந்த மாதிரி சின்னச் சின்னக் கட்டங்களில் பல நிறங்கள். அத்தனையும் குழந்தைகளின் மலத்தின் நிறங்கள். கடும் மஞ்சள், இளம் மஞ்சள், பச்சை, பழுப்பு. ஓரத்தில் சாம்பலும் வெளுப்புமாகச் சில கட்டங்கள். அவர் விரல் அந்த ஓரத்துக்குப் போய் நின்றது.

"இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க, ம்மா."

கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் செய்தார்கள், மறுபடி இரத்தம் எடுத்தார்கள். கடைசியில் எங்களை உட்காரவைத்துப் பேசியவர் ஓர் இளம் சீன டாக்டர். மெலிந்த பெண். பேசும்போது நம் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். கல்லீரலிலிருந்து பித்தநீர் குடலுக்கு இறங்கும் குழாய் என் மகளுக்குச் சரியாக அமையவில்லை, அடைபட்டிருக்கிறது என்றார். பித்தம் இறங்க வழியில்லாமல் கல்லீரலிலேயே தேங்கி அதைக் கெடுக்கிறது. அதனால்தான் கண் மஞ்சள், மலம் வெள்ளை. அபூர்வமான நோய். சீக்கிரம் அறுவைச் சிகிச்சை செய்து, குடலையே தூக்கிக் கல்லீரலோடு சேர்த்துத் தைத்துவிட்டால் பித்தம் இறங்க வாய்ப்பிருக்கிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் பலன் கிடைப்பதில்லை.

என் கணவர் கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். நாள் முழுக்க ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்களிடம் கத்தி வேலை வாங்குகிறவர். அன்றைக்கு அவர் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, வாய் ஓயாதவள். நானும் கைப்பை வாரைத்தான் முறுக்கிக்கொண்டிருந்தேன். மாமனார்தான் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து மலாயில் கேட்டார். பழைய பாதை மூடியிருக்கிறது, அதனால் நீங்கள் புது லைன் போட்டு நேராக ஸ்டேஷனோடு சேர்க்கப் போகிறீர்கள், அப்படித்தானே?

டாக்டர் ஒரு கணம் யோசித்து, "ஆமாம் அங்கிள், கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றார்.

"அப்போ சரி. லைன் போடறது ஒண்ணும் புதுசு இல்ல." அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "பித்தம் நம்ம குடும்பத்துக்கே ஜாஸ்தி. எனக்கெல்லாம் தலைக்கே ஏறியிருக்கு. பாப்பாவுக்கு ஈரலோட நின்னுருச்சேன்னு சந்தோஷப்படு."

அந்த நிமிஷம் அவரை அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் என் கணவர் சிரித்துவிட்டார். சிரிப்பு நடுவில் அழுகையாக மாறியது. மாமனார் தன் கைக்குட்டையை எடுத்து மகனிடம் கொடுத்துவிட்டு, டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டார்.

பிறகு தொடங்கியது நேர்த்திக்கடன்.

மாமனார் முருக பக்தர். அன்று மாலையே கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தார். குழந்தைக்கு முடி இறக்குவது. நான் நாற்பத்தெட்டு நாள் மரக்கறி சாப்பிடுவது. என் கணவர் காவடி எடுப்பது.

"அப்பா, வேண்டிக்கிட்டது நீங்க. தூக்கறது நானா?"

"நான் வேண்டத்தான் செஞ்சேன். ஆளைக் காட்டுனது முருகன்."

"உங்களைக் காட்டலையா?"

"எனக்கு முட்டி வலின்னு அவருக்குத் தெரியும்."

என் கணவர் சாமி விஷயத்தில் நடுநிலை வகிப்பவர். கோயிலுக்குக் கூப்பிட்டால் வருவார், வாசலில் நின்று ஃபோன் பார்ப்பார். கிளினிக்கில் இரத்த அழுத்தம் பார்த்தாலே அவருக்கு வியர்க்கும். அவர் நாக்கில் வேல் குத்துவதை நினைத்துப் பார்த்தேன். பல நாள்களுக்குப் பிறகு எனக்குள் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று அசைந்தது.

அக்கா வேறு வழி. கல்யாணத்துக்குப் பிறகு அவள் கிறிஸ்தவத்தில் சேர்ந்துவிட்டாள். கிள்ளானில் கார் உதிரிச் சாமான் கடைக்கு மேல்மாடியில் அவர்கள் சபை நடக்கிறது. அவள் உபவாசம் தொடங்கினாள். காலையும் மதியமும் தண்ணீர் மட்டும். அக்கா பசி பொறுக்காதவள். அந்த வாரம் அவள் தைத்த பிளவுஸ்களெல்லாம் ஒரு சுற்று இறுக்கமாக வந்தன என்று வாடிக்கையாளர்கள் குறைப்பட்டார்களாம். "உங்க உடம்புதான் ஏறியிருக்கு" என்று எல்லாரையும் ஏசி அனுப்பியிருக்கிறாள்.

இவர்கள் இருவரும் வார்டில் சந்தித்துக்கொண்டபோது சங்கடம் வந்தது. என் மகளின் நெற்றி இரண்டு விரல் அகலம். மாமனார் வந்து அதில் திருநீறு பூசுவார். அவர் டீ குடிக்க இறங்கியதும் அக்கா வந்து ஜெப எண்ணெய் தடவுவாள். திருநீறும் எண்ணெயும் குழைந்து பசையாகி நிற்கும். பக்கத்துக் கட்டிலில் தன் பிள்ளையோடு இருந்த மலாய்ப் பெண் நல்லவர். எந்நேரமும் மெல்லிய குரலில் ஓதிக்கொண்டிருப்பார். ஒரு நாள் மக்காவிலிருந்து வந்த புனித நீர் ஒரு சின்னப் போத்தலில் இருக்கிறது, வேண்டுமா என்று தயங்கித் தயங்கி என்னைக் கேட்டார். நான் மாமனார் முகத்தைப் பார்த்தேன்.

"வாங்கித் தடவும்மா," என்றார் அவர். "எந்த ஆபீஸ்ல ஃபைல் நகரும்னு யாருக்குத் தெரியும்."

அக்கா தன் பாஸ்டரையும் அழைத்து வந்தாள். ஆஜானுபாகு. மைக் இல்லாமலே ஒரு திடலுக்குக் கேட்கும் குரல். வார்டில் சத்தம் போடக்கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். பாவம், அவர் கிசுகிசுத்து ஜெபித்தார். ஆனால் கைகளுக்கு யாரும் தடை சொல்லவில்லையே. கைகள் மட்டும் பழைய அளவிலேயே வீசின. ஒரு வீச்சில் சலைன் கம்பி ஆடியது. என் கணவர் ஆமென் சொல்லும் சாக்கில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என்னைக் கேட்டால், நான் அந்த நாள்களில் சாமி கும்பிடவே இல்லை. கோபமெல்லாம் கிடையாது. கைகூப்பிக் கண்ணை மூடினால் அந்த நிற அட்டைதான் தெரிந்தது. மற்றவர்கள் எனக்கும் சேர்த்துக் கும்பிடுகிறார்கள் என்று இருந்துவிட்டேன். கல்யாண வீட்டில் எல்லாரும் வேலை பார்க்கும்போது ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருப்பது மாதிரி.

அறுவைச் சிகிச்சை நாள் காலையில் குழந்தைக்குப் பால் கொடுக்கக்கூடாது. அவள் பசியில் கத்தினாள். என் மார்பு கனத்து வலித்தது. நான் அவளைத் தூக்கினால் பால் வாசனைக்கு இன்னும் கத்துவாள் என்று என் கணவர் வாங்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தார். தாலாட்டு எதுவும் தெரியாததால் கிடங்குச் சரக்குகளின் பெயர்களை ராகம் போட்டுப் பாடினார். டயர், டியூப், கையுறை, அட்டைப்பெட்டி. அவள் கொஞ்சம் அடங்கிக் கேட்டாள்.

தியேட்டருக்கு அழைத்துப்போக வந்த மிஸ்ஸி சுங்கை வே ஊர்க்காரர். கறாரான பெண். குழந்தையின் நெற்றியைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்தார்.

"இது குழந்தையா, கேக்கா? ஆளாளுக்கு ஐசிங் பூசியிருக்கீங்க!"

மாமனாரும் அக்காவும் ஒரே நேரத்தில் அடுத்தவரைப் பார்த்தார்கள்.

"உள்ள போறப்ப எல்லாத்தையும் தொடைச்சிருவேன். சாமிங்கள்லாம் வெளிய பெஞ்சில உக்காரட்டும். உள்ள சுத்தமா இருக்கணும்." ஈரப் பஞ்சால் நெற்றியை அழுத்தித் துடைத்தார். என் மகள் மறுபடியும் வெறும் மஞ்சள் குழந்தையானாள். தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு நடந்தவர், திரும்பி வந்து தணிந்த குரலில் என்னிடம் சொன்னார். "பயப்படாதீங்க, ம்மா. நானும் மனசுக்குள்ள வேண்டிக்கிட்டுத்தான் போறேன். எந்த சாமின்னு கேக்காதீங்க, சண்டை வந்துரும்."

கதவு மூடியது.

வெளியே பெஞ்சில் நாங்கள் நால்வரும் உட்கார்ந்தோம். மாமனார் ஒரு முனை, அக்கா மறுமுனை. மாமனார் முருகன் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினார். அக்கா வேதப் புத்தகத்தைத் திறந்து வாசித்தாள். அவர் கொஞ்சம் சத்தம் கூட்டினார். அவளும் கூட்டினாள். நடுவில் நானும் கணவரும், இரண்டு வானொலி நிலையங்களுக்கு இடையில் மாட்டிய பெட்டி மாதிரி. கொஞ்ச நேரம் பொறுத்த என் கணவர், "எல்லாருக்கும் தே தாரிக் வாங்கிட்டு வரேன்" என்று எழுந்தார்.

"உபவாசம்" என்றாள் அக்கா.

"விரதம்" என்றார் மாமனார்.

என் கணவர் எனக்கு மட்டும் டீ வாங்கி வந்தார். நான் அதைக் குடிக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். அது ஆறி, மேலே ஆடை படர்ந்தது.

நேரம் ஏற ஏற மாமனாரின் குரல் தேய்ந்தது. அந்தப் பாட்டை அவர் தினமும் குளித்ததும் பாடுவார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்கிறேன், ஒரு சொல் பிசகியதில்லை. அன்று நடுவில் நின்றுவிட்டார். முதலிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் மறுபடி நின்றது. கண்ணை மூடி உதட்டை அசைத்துப் பார்த்தார். வரவில்லை. மனைவி இறந்தபோதுகூட வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர். அவரை அப்படிப் பார்ப்பது எனக்குப் பயமாக இருந்தது.

பெஞ்சின் மறுமுனையிலிருந்து அடுத்த வரி வந்தது.

அக்காதான். வேதப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தாழ்ந்த குரலில் அந்த வரியைச் சொல்லி, அதற்கடுத்ததையும் சொன்னாள். சின்ன வயதில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் பாடவைத்த பாட்டு. எனக்கு மறந்துபோயிருந்தது, அவளுக்கு மறக்கவில்லை. மாமனார் பிடித்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து முடிவு வரைக்கும் சொன்னார்கள்.

முடிந்ததும் அக்கா பக்கத்தைப் புரட்டினாள். "பாஸ்டர்கிட்ட சொல்லிறாதீங்க, மாமா."

"நான் ஏன் சொல்றேன்" என்றார் அவர், மூக்கை உறிஞ்சியபடி. "உங்க புக்குல ஏதாச்சும் நல்லதா இருந்தா படி. கேக்கறேன்."

அவள் படித்தாள். அவர் தலையாட்டிக் கேட்டார். எல்லாம் முடிந்து டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கினார். அறுவை நல்லபடி முடிந்தது, குழந்தை நன்றாக இருக்கிறாள் என்றார். ஆனால் பித்தம் இறங்குகிறதா என்று இப்போது சொல்ல முடியாது. காத்திருக்க வேண்டும்.

"எப்படித் தெரியும், டாக்டர்?" என்று கேட்டேன்.

"டயபரைப் பாருங்கள்" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தின் பக்தி முழுவதும் ஒரே இடத்தில் குவிந்தது. முக்தி, பாவமன்னிப்பு, சொர்க்கம் எதுவும் வேண்டாம். கண்ணில் இருக்கிற மஞ்சள் போகவேண்டும், டயபரில் மஞ்சள் வரவேண்டும். என் கைகளும் ஒருவழியாகக் கூடின. யாரைக் கேட்கிறேன் என்று தெரியாது. என்ன கேட்கிறேன் என்பது தெளிவாகத் தெரிந்தது. இதை எந்தக் கோயிலில் எந்த ஐயரிடம் சொல்லி அர்ச்சனை செய்வது? மாமனார் செய்தார். பேர், நட்சத்திரம் எல்லாம் சொல்லிவிட்டு, என்ன வேண்டுதல் என்று கேட்ட ஐயரின் காதில் குனிந்து சொன்னாராம். ஐயர் முகம் மாறாமல் மந்திரம் சொன்னார் என்று பெருமையாக வந்து சொன்னார்.

குழந்தை பால் குடிக்கத் தொடங்கி, டயபர் நனையத் தொடங்கியதும் நிறப் பஞ்சாயத்து ஆரம்பித்தது. வார்டின் ட்யூப் லைட்டில் ஒரு நிறம், ஜன்னலோரம் கொண்டுபோனால் வேறு நிறம். "லேசா மஞ்சள் தெரியுது" என்பாள் அக்கா. "உன் கண்ணுக்குத் தெரியும். எனக்குச் சாம்பல்தான் தெரியுது" என்பார் மாமனார். முடிவு கிடைக்காதபோது என் கணவர் படமெடுத்துக் குடும்ப வாட்சாப் குழுவில் போட்டார். அதுவரை காலை வணக்கமும் பூவும் சாமி படமும் வந்துகொண்டிருந்த குழு அது. செமினியில் இருக்கும் கணவரின் சித்தப்பா கண்ணாடி போடாமல் பார்த்திருக்கிறார். "பருப்புக் கடைசல் நல்லா வந்திருக்கு. யார் வீட்ல?" என்று பதில் போட்டார். உண்மை தெரிந்ததும் குழுவை விட்டே வெளியேறி, இரண்டு நாள் கழித்து வெட்கத்தோடு திரும்பிச் சேர்ந்தார்.

ஒரு காலைப் பொழுது. நான் முகம் கழுவப் போயிருந்தேன். திரும்பி வரும்போது வார்டின் மறுகோடியிலிருந்து மாமனாரின் குரல் கேட்டது.

"பச்சை! பச்சை விழுந்துருச்சு!"

ஓடினேன். அவர் டயபரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றார். சிக்னல் கொடி காட்டுகிற அதே கை, அதே நிமிர்வு. "பச்சைம்மா! லைன் கிளியர்!" மஞ்சள்கூட இல்லை, பித்தம் இறங்கிய நல்ல அடர்ந்த பச்சை. அட்டையில் நடுவில் இருக்கும் கட்டம். அக்கா அல்லேலூயா என்று கத்தினாள். பக்கத்துக் கட்டில் மலாய்ப் பெண் தன் கடவுளுக்கு நன்றி சொல்லி என்னைக் கட்டிக்கொண்டார். அவர் பிள்ளைக்கு இன்னும் முடிவு தெரியாத நேரம் அது. அப்படியிருந்தும் அவர் அழுதது என் பிள்ளைக்காக. சுங்கை வே மிஸ்ஸி வந்து, டயபரை மாமனார் கையிலிருந்து பிடுங்கி, தானும் ஒரு முறை பார்த்துவிட்டு, "இதுதான் லா வேணும்" என்றார். பிறகு சத்தம் போட்டதற்காக எல்லாரையும் ஏசினார்.

அன்றைக்குத்தான் எனக்குப் பசி தெரிந்தது. கணவர் மரக்கறிக் கடையில் வாங்கி வந்த நாசி லெமா, அந்தத் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்துச் சாப்பிட்டேன். பொட்டலத்துக்குப் பக்கத்தில் டாக்டருக்குக் காட்டுவதற்காக எடுத்து வைத்த டயபர் இருந்தது. எனக்கு எந்த அருவருப்பும் இல்லை. சம்பல் நல்ல காரம்.

எல்லாம் அதோடு சரியாகிவிடவில்லை. வீட்டுக்கு வந்த சில வாரங்களிலேயே காய்ச்சல் வந்து மறுபடி வார்டுக்கு ஓடினோம். புதிதாகத் தைத்த வழியில் கிருமி ஏறுமாம். அதற்கு மருந்து, திரும்ப வீடு, திரும்பக் காய்ச்சல். என் வீட்டு வாசலில் ஒரு பை எப்போதும் தயாராக நின்றது. ஆனால் கண் வெளுத்துக்கொண்டே வந்தது. ஒரு நாள் குளிப்பாட்டித் துடைக்கும்போது பார்த்தேன், என் மகள் எங்களைப் போலவே நல்ல கறுப்பு. தங்கமெல்லாம் உதிர்ந்துவிட்டது. நான் அவள் கறுப்புத் தொடையில் முத்தமிட்டு முத்தமிட்டு அவளை அழவைத்தேன்.

கொஞ்சம் தேறியதும் நேர்த்திக்கடன்களை முடிக்கக் கிளம்பினோம். காவடி பேச்சுவார்த்தையில் பால்குடமாகக் குறைந்தது. முருகன் அவ்வளவு பிடிவாதக்காரர் இல்லை என்று மாமனாரே ஒத்துக்கொண்டார். அக்கா கோயிலுக்குள் வரமாட்டேன், செருப்புக்குக் காவலாக வெளியே நிற்கிறேன் என்றாள். முடி இறக்க உட்காரவைத்ததும் குழந்தை போட்ட கூச்சலில் சவரக் கத்திக்காரர் கையை எடுத்துவிட்டார். யாரிடமும் அடங்கவில்லை. கடைசியில் அக்காவைத்தான் கூப்பிட வேண்டியதாயிற்று. அவள் உள்ளே வந்து, சம்மணம் போட்டு, குழந்தையை மடியில் வாங்கி, காதில் சபைப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டே பிடித்துக்கொண்டாள். முருகன் சந்நிதியில் ஏசுவின் பாட்டுக்கு முடி இறங்கியது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசும்போது, "இப்ப நீங்க எங்க சபைக்கு வரணும், மாமா" என்றாள்.

வந்தார். ஜிப்பா, வேட்டி, நெற்றி நிறைய மூன்று பட்டைத் திருநீறு. உதிரிச் சாமான் கடைக்கு மேலே அந்த மாடி அறையில் எல்லாத் தலையும் திரும்பியது. அக்கா விரல் நகத்தைக் கடித்தாள். பாட்டு முடிந்து பாஸ்டர், நன்மை பெற்ற குடும்பம் சாட்சி சொல்லலாம் என்றார். அக்கா எழுவதற்குள் மாமனார் எழுந்து போய் மைக்கை வாங்கிவிட்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். என் பேத்திக்கு ஈரல்ல வழி இல்லாம பொறந்துச்சு. நீங்க எல்லாரும் அவளைப் பாக்காமலே வேண்டிக்கிட்டீங்க. ரொம்ப நன்றி. நானும் எங்க ஆள்கிட்ட சொல்லி வச்சிருந்தேன். பக்கத்துக் கட்டில் அம்மா அவங்க ஆள்கிட்ட சொன்னாங்க. டாக்டரம்மா கத்தி புடிச்சாங்க. இதுல யாரு செஞ்சதுன்னு எனக்குத் தெரியாது. யாரு செஞ்சிருந்தாலும் மத்தவங்க கோவிச்சுக்க வேணாம். அவ்வளவுதான்."

எங்கிருந்தோ ஒரு ஆமென் வந்தது. அவர் அதோடு உட்கார்ந்திருக்கலாம். பழக்கதோஷம், மைக்கைத் திருப்பிக் கொடுக்குமுன் கைகூப்பி, "வெற்றிவேல் முருகனுக்கு" என்றார். பின்வரிசையில் இரண்டு ஆன்டிகள், மதம் மாறி எத்தனையோ வருஷமானவர்கள், யோசிக்காமல் "அரோகரா" என்றார்கள். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாஸ்டர் இருமினார். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

இப்போது என் மகளுக்கு நான்கு வயது. ஓடுகிறாள், கடிக்கிறாள், தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து பொய் சொல்கிறாள். வயிற்றில் குறுக்காக ஒரு தழும்பு. சில மாதங்களுக்கு ஒருமுறை அதே சீன டாக்டரிடம் போகிறோம். போன தடவை டாக்டர் சொன்னார், கல்லீரல் முழுக்கச் சரியானது என்று சொல்ல முடியாது. இப்போதைக்கு நன்றாகத் தாங்குகிறது. பின்னால் என்றாவது மாற்றவேண்டி வரலாம், வராமலும் போகலாம். வந்தால் குடும்பத்தில் ஒருவர் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். கொடுத்தவருக்கு அது வளர்ந்துவிடும்.

"என்னுது எடுத்துக்குங்க, டாக்டர்" என்றாள் அக்கா உடனே. "நான் தண்ணி கிண்ணி தொட்டதே இல்ல."

"உனக்கு சுகர் இருக்கு" என்றார் மாமனார். "என்னுது சுத்தமான ஈரல். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மரக்கறி."

"மத்த நாள்ல ஆட்டு ஈரலா சாப்பிட்டீங்களே, மாமா?"

"அதனாலதான் என்னுது ஸ்ட்ராங்கா இருக்கு!"

என் கணவர் குறுக்கிட்டார். "நான்தானே அப்பா. நான் குடுக்கிறேன்." அவர் அதை மெதுவாகத்தான் சொன்னார். அறுவைச் சிகிச்சை நாளிலிருந்து அவர் பீர் தொடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் கணக்கில் வந்தது. கூட்டாளி கல்யாண விருந்தில் எல்லாரும் ஊற்றிக்கொள்ள இவர் பார்லித் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். விரதமா என்று கிண்டல் செய்தேன். "எதுக்கும் இருக்கட்டும்னு" என்றார். வயிறு சரியில்லை போலும் என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் சிரித்துக்கொண்டே, இப்போது யாரும் எதையும் கொடுக்க வேண்டாம் என்றார். பிறகு மாமனாரிடம் திரும்பி, அங்கிளுக்கு வயது அதிகம், எடுக்க மாட்டோம் என்று பதமாகச் சொன்னார்.

காரில் மாமனார் முன் இருக்கையில் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் என் மகள் அவர் இருக்கையை உதைத்துக்கொண்டே வந்தாள். வழக்கமாக அதற்குத் திரும்பி ஒரு செல்ல அதட்டல் போடுவார், அன்று திரும்பவே இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் நெரிசலில் வண்டி நின்று நின்று நகர்ந்தது. அவர் வீட்டுத் தெரு திரும்பும் இடத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, கிட்னி ஏதாச்சும் வேணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டியா?"

"அதெல்லாம் அவளுக்கு நல்லா இருக்கு, மாமா."

"இருக்கட்டும். அடுத்த தடவ கேட்டு வை."